மேகமாபுரிக்கு மூன்று லிப்

மேகமாபுரி நாவலைப் படித்திருக்கிறீர்களா என்று ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். உடனே தலையாட்டுவார். "படிக்காமலா? லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனப்ப..." என்று ஆரம்பித்து, எந்த வார இதழில் வந்தது, படங்களை எந்த நிற மையில் அச்சடித்திருந்தார்கள் என்பது வரை சொல்லிவிடுவார். அத்தனையும் புளுகு. பாவம், அவர் வேண்டுமென்று புளுகவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். ஆனால் மேகமாபுரி என்ற நாவல் எந்த இதழிலும் வந்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பெயர் பிறந்தபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மசால் வடை தின்றுகொண்டிருந்தேன்.

என் பெயர் சௌந்தரவல்லி. வயது எழுபத்துமூன்று. கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது, வளசரவாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட், அவ்வளவுதான். ஒரு காலத்தில் வெளிநாட்டு சீரியல்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதினேன். திரையில் நடித்தவன் பெயர் வரும், விளக்குப் பிடித்தவன் பெயர் வரும், சமயத்தில் சாப்பாடு சப்ளை செய்தவர் பெயர்கூட வரும். டப்பிங் எழுதியவர்கள் பெயர் மட்டும் வராது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னோடு எழுதிய எபினேசரின் பெயர் வராமலே போனதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரே ஒரு தடவையாவது அவன் பெயரை ஏதாவது ஒரு திரையில் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், 2047 மாசி மாதம் ஒரு காலை வேளையில், நிலோஃபர் வந்து கதவைத் தட்டினாள்.

முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். மீட்பகம் என்ற நிறுவனத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன்.

"மேடம், மூலச் சட்டம் தெரியும் இல்லையா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? என் கருவாட்டுக் குழம்பைத் தூக்கினவங்கதானே நீங்க?"

அவள் விழித்தாள். நான் விளக்க வேண்டியதாயிற்று. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் இயந்திரங்கள் பொய்ப் படங்களையும் பொய்க் குரல்களையும் மழையாகக் கொட்டித் தீர்த்தன. எது அசல், எது போலி என்று தெரியாமல் ஜனங்களுக்கு வெறுத்துப்போய்விட்டது. அப்போது வந்ததுதான் மூலச் சட்டம். பழைய படமோ சீரியலோ, எதை ஒளிபரப்பினாலும் அதில் வரும் ஒவ்வொரு வரிக்கும் மூலம் காட்ட வேண்டும். காட்ட முடியாத வரியை எடுத்துவிட்டு அசலில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள். ஒரு சீரியலில், அரண்மனை விருந்தில் ராஜா மூக்கை உறிஞ்சுவார். "ஆஹா, கருவாட்டுக் குழம்பு!" என்று எழுதியிருந்தேன். தமிழ்நாடே சிரித்தது. இப்போது அதே ராஜா "அவரைக்காய்க் கூழ் நன்றாக இருக்கிறது" என்கிறார். கேட்கவே குமட்டுகிறது.

"சாரி மேடம், அது வேற டிபார்ட்மென்ட். நாங்க அழிக்கிறவங்க இல்ல, மீட்கிறவங்க" என்றாள் நிலோஃபர். "அந்தக் காலத்துல வாராவாரம் எத்தனை மாயாஜாலத் தொடர்கதை வந்திருக்கு! பத்திரிகை எல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போயிடுச்சு. ஆனா அந்தக் கதைங்களை சினிமாவுல யாராவது சொல்லியிருப்பாங்க, சீரியல்ல கிண்டல் பண்ணியிருப்பாங்க. எங்ககிட்ட 'வேர்'னு ஒரு இயந்திரம் இருக்கு. அந்தக் குறிப்பு எல்லாத்தையும் பொறுக்கிச் சேத்து, படிச்சவங்க ஞாபகத்தையும் கேட்டு, கதை எப்படி இருந்திருக்கும்னு திருப்பி எழுதிடும். முப்பத்தோரு கதை மீட்டாச்சு. முப்பத்திரண்டாவது, மேகமாபுரி."

எனக்குக் காபி புரையேறிவிட்டது.

"நானூத்திப் பதினேழு குறிப்பு மேடம்! சினிமாவுல, சீரியல்ல, விளம்பரத்துல. வேற எந்தக் கதைக்கும் இவ்வளவு கெடைக்கல. ஆயிரத்து நூத்தி ஆறு பேர் படிச்சதா சாட்சி சொல்லியிருக்காங்க. ஆனா எழுதினவர் யாருன்னுதான் தெரியல. மொதல் குறிப்பு உங்க சீரியல்லதான் வருது. அதுல வேலை பாத்தவங்கள்ல இப்ப இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். மூல நூல் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இல்லேன்னு சொன்னா?"

"ஏன் மேடம் அப்படிக் கேக்கறீங்க? இல்லேன்னா எல்லாமே போலி மேற்கோள் ஆயிடும். சட்டப்படி அத்தனை வரியையும் எடுத்துடுவாங்க."

அத்தனை வரியையும் என்றால், எபி எழுதியதில் மிச்சம் இருப்பதையெல்லாம் என்று அர்த்தம். சுதாரித்துக்கொண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"அப்படி ஒரு புத்தகமே கெடையாதும்மா. நாங்க கதை விட்டோம்" என்றேன்.

நிலோஃபரின் முகம் சட்டென்று வெளுத்துப்போயிற்று. மேசைமேல் வைத்திருந்த பதிவுக் கருவியை அவசரமாகத் தட்டி நிறுத்தினாள். இரண்டு வருட வேலை அவளுக்கு. பையிலிருந்து கனமான காகிதக் கட்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீங்க இப்ப சொன்னதை நான் கேக்கல. வேர் எழுதின நாவல் இது. படிங்க. நாளைக்குக் காலையில வரேன், அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு வெகுநேரம் அந்தக் கட்டைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தேன். சாலிகிராமத்து ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாயிரமாவது வருடம். குப்புராஜ் என்பவரின் டப்பிங் தியேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதில் இரண்டு மேசை, ஒரு சின்ன டீவி, ஓயாமல் கரகரக்கும் ஏசி. கலங்கரை விளக்கத்தில் வாழும் பிள்ளைகளைப் பற்றிய வெளிநாட்டு சீரியல் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தோம். வாரத்தில் நாலு நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒளிபரப்பு. திங்களும் புதனும் எபி எழுதுவான், செவ்வாயும் வியாழனும் நான். அவன் தன் தாளை முடித்து என் மேசைப் பக்கம் தள்ளுவான், விட்ட இடத்திலிருந்து நான் தொடர வேண்டும்.

டப்பிங்கில் லிப் என்று ஒன்று இருக்கிறது. நடிகரின் உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி உதட்டெழுத்து வர வேண்டும். மூடாத இடத்தில் வரக் கூடாது. எங்களுக்கு அர்த்தமெல்லாம் அப்புறம்தான், முதலில் லிப்.

அந்த சீரியல் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். வாயைத் திறந்தால் அவர்கள் ஊர் மாயாஜாலக் கதைகளைச் சொல்லுவார்கள். அந்தக் கோட்டை மாதிரி, இந்தக் குள்ளன் மாதிரி என்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் புரியாது. "நம்ம ஊர்க் கதையாப் போட்டுத் தள்ளுங்கய்யா" என்று குப்புராஜ் கத்தினார். அன்றைக்கு ஒரு பையன் ஏதோ கோட்டையின் பெயரைச் சொல்ல வேண்டும். டீவியில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.

"வல்லி, எத்தனை லிப்பு? ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க" என்றான் எபி. பாளையங்கோட்டைக்காரன். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் என்னை 'நீ' என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"மூணு. மொதல்லயே ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசிக்கு முன்னாடி ஒண்ணு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துப் பார்த்தான். "மே... க... மா... பு... ரி. எப்படி இருக்கு?"

"அது எந்தக் கதையில வருது?"

"யாருக்குத் தெரியும்? லிப்பு சரியா இருக்குல்லா, போட்டிருவோம்."

அப்படிப் பிறந்ததுதான் மேகமாபுரி. அடுத்த மாதமே இன்னொரு கூத்து நடந்தது. டேப்பில் ஏதோ கோளாறு, ஒரு வாரம் முழுக்க வாய் முன்னாலும் சத்தம் பின்னாலுமாக ஒளிபரப்பாயிற்று. ஏன் இப்படி என்று பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள். எபி கவலையே படவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரு வரி சேர்த்தான்: "மேகமாபுரியில் இப்படித்தான், முதலில் வாய் அசையும், வெகு நேரம் கழித்துத்தான் சத்தம் வரும்." அவ்வளவுதான், ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வாயை அசைத்துவிட்டு ஐந்து எண்ணிப் பேசினார்கள். ஒரு சினிமாவில் சிரிப்பு நடிகர் அதையே செய்து கைதட்டல் வாங்கினார். ஒரு குடும்ப சீரியலில், பதில் சொல்லத் தயங்கிய மருமகளைப் பார்த்து மாமியார், "நீ என்ன மேகமாபுரியிலேர்ந்தா வந்தே?" என்றாள். வினாடி வினா நிகழ்ச்சியில் மேகமாபுரிப் படகோட்டியின் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒரு காலேஜ் பெண் "மாம்பன்" என்றாள். சரியான விடை என்று மணி அடித்தார்கள். நானும் எபியும் தியேட்டர் வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், மூலக் கதையின் மூன்றாம் அத்தியாயத்தை நாங்கள் கெடுத்துவிட்டதாகத் திட்டி எழுதிய கடிதத்தை எபி சுவரில் ஒட்டி வைத்திருந்தான்.

மாம்பன், இரண்டு லிப். மேகமாபுரிக் கோபுரத்தில் இருக்கும் பெண்ணின் பெயரில் உதடே மூடக் கூடாது, அதனால் அல்லி. எல்லாம் இப்படி வைத்ததுதான். 2003-ல் சீரியல் முடிந்தது. அன்றைக்கு எபி என் மேசைக்கு வந்து, "ஊருக்குப் போறேன் வல்லி. அங்க ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு" என்றான். ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம். வழியனுப்ப எழும்பூருக்குப் போகவில்லை. கடிதம் வந்தது, இரண்டு வரியில் பதில் போட்டேன். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. 2031-ல் அவன் இறந்த செய்தி மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அப்போது கேள்விப்பட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டைப் பிரித்தேன். இருநூறு பக்கம் இருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் எந்த வரி எந்தப் படத்திலிருந்து, எந்த எபிசோடிலிருந்து வந்தது என்று குறித்திருந்தார்கள். எங்கள் சீரியலிலிருந்து மட்டும் நூற்று நாற்பத்து மூன்று. எழுதியவர் பெயர் இயந்திரத்துக்குத் தெரியாதே, அதனால் நடையை வைத்துப் பிரித்து 'கை ஒன்று', 'கை இரண்டு' என்று போட்டிருந்தது. கை இரண்டு நான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, எங்கே பார்த்தாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். நாலாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. மூன்று வருடம், அங்கே ஒரு வரி இங்கே ஒரு வரி என்று எபி விட்டெறிந்ததாக நான் நினைத்த எதுவும் ஒன்றுக்கொன்று முரண்படவே இல்லை. ஒளிபரப்பான வரிசையில் அடுக்கினால் அது ஒரு கதை. மாம்பன் என்ற படகோட்டி தினமும் கோபுரத்தடிக்கு வருகிறான். அல்லி ஜன்னலிலிருந்து அவனிடம் சோறு பற்றியும் மீன் பற்றியும் வாயாடுகிறாள். அது என் வேலை. அவன் வரி கேள்வியாக இருக்கிறது, என் வரி பதிலாக இருக்கிறது. கோபுரத்தை ஆளும் பெரியவர் ஓயாமல் பாட்டுப் பாடுபவர், வேற்றுக் கரைக்காரர்களை உள்ளே விடாதவர். என் அப்பா வடபழனிப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார். எபி கிறிஸ்தவன். இது என்ன விளையாட்டு என்று அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் இருந்தது அது. கை ஒன்று, புதன்கிழமை, 2003 தை மாதம். கலங்கரை விளக்கத்துப் பையன் விளையாட்டாக நாடகம் போட்டுக் காட்டுகிறான்: "அப்போது மாம்பன் கேட்டான், 'அல்லி, என் கரைக்கே வந்துவிடுகிறாயா?'"

அடுத்த வரி கை இரண்டு, வியாழக்கிழமை. அந்த விளையாட்டில் அல்லியாக நடிக்கும் பெண் குழந்தை ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள்.

"இல்லை."

நான் எழுதியதுதான். எழுதிய அந்த நிமிஷம்கூட நினைவில் இல்லை. டீ குடித்துக்கொண்டே பத்து வினாடியில் எழுதித் தள்ளியிருப்பேன்.

அதற்கு மேல் உடனே படிக்க முடியவில்லை. கட்டை மூடி வைத்துவிட்டு, "வாயைத் தொறந்து கேக்கறதுக்கு என்னடா கேடு உனக்கு, தடிப்பயலே!" என்று காலி வீட்டில் சத்தம் போட்டுத் திட்டினேன். எதிர் ஃபிளாட்காரி வந்து என்ன மாமி என்று விசாரித்துவிட்டுப் போனாள். மிச்சத்தை ராத்திரி உட்கார்ந்து படித்து முடித்தேன்.

மறுநாள் காலை நிலோஃபர் வந்தபோது என் முகம் வீங்கியிருந்தது. அவளே சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் காபி கலந்து எடுத்து வந்தாள்.

"கை ஒண்ணு யாரு, ஆன்ட்டி?" என்றாள். மேடம் எப்போது ஆன்ட்டி ஆனேன் என்று தெரியவில்லை.

"எபினேசர்."

"நான் இந்தக் கதையை நாப்பது தடவை படிச்சிருப்பேன். பழைய நாவலாட்டம் தோணவே இல்ல. ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரியே இருக்கும். நேத்து நீங்க கதை விட்டோம்னு சொன்னதும் வீட்டுக்குப் போய் மறுபடி படிச்சேன். உங்க பேர் சௌந்தரவல்லி. அந்தப் பொண்ணு பேர் அல்லி."

"வல்லின்னு வெக்க முடியாதும்மா. 'வ' சொல்றப்ப கீழுதடு பல்லுல படும், படத்துல அது இல்ல. அதனாலதான் அல்லின்னு வெச்சான். லிப்புக்காகன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"அப்போ அந்த 'இல்லை'ங்கிற பதில்..."

"அதுவும் லிப்புதான்!" கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டேன். "என்னைத்தான் கேக்கறான்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்றது? அந்தப் பொண்ணு உதடு மூடவே இல்ல. 'ஆமா' போட்டா ம வரும். 'சம்மதம்' போட முடியாது. 'ஆகட்டும்' போட முடியாது. 'வரேன்'னா பல்லுல படும். ரெண்டு அசை, உதடு ஒட்டவே கூடாது. 'இல்லை' ஒண்ணுதான் உக்காரும். அவனும் அதே தொழில் பண்ணினவன்தானே, இது தெரியாதா அவனுக்கு? கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டானே!"

நிலோஃபர் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் வாய் லேசாக அசைந்தது. மெதுவாக, யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"'சரி' போட்டிருக்கலாமே, ஆன்ட்டி?"

சரி. இரண்டு அசை. உதடு ஒட்டாது. பல்லிலும் படாது.

நான் சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருடம் லிப் பார்த்தே பிழைத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை தோன்றவில்லை. எபிக்குத் தோன்றியிருக்கும். அவன் மேசையில் உட்கார்ந்து நான் தள்ளிய தாளைப் படித்திருப்பான். 'சரி' உட்காரும் இடத்தில் இவள் 'இல்லை' போட்டிருக்கிறாள் என்றால் தெரிந்துதான் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டியிருப்பான். வேறு என்ன நினைப்பான்? எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அந்தப் பெண் எதிரிலேயே அழுதேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தலாம்" என்றாள்.

"என்னத்தை?"

"சட்டத்துல இடம் இருக்கு. எழுதினவங்க உயிரோட இருந்தா, அவங்க எழுதின வரியில ஒரு திருத்தம் பண்ணலாம். ஒரே ஒரு தடவை. புத்தகத்துலயும் மாறும், சீரியல்லயும் மாறும். அந்தப் பொண்ணுக்குக் குரல் குடுத்தவங்க குரல்லயே வேர் மாத்திடும். போட்டுக் காட்டட்டுமா?"

குரல் கொடுத்த கோதாவரி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. போட்டுக் காட்டு என்றேன். நிலோஃபர் தன் கணினிப் பலகையைச் சுவரை நோக்கித் திருப்ப, சுவரில் படம் விழுந்தது. அந்தக் கலங்கரை விளக்கம், அந்த மஞ்சள் சட்டைப் பெண் குழந்தை, அந்த நாளின் கரகரப்புகூட அப்படியே இருந்தது. புதன்கிழமை எபிசோடையும் வியாழக்கிழமை எபிசோடையும் ஒட்டி ஓட்டினாள். பையன் கேட்டான். பெண் நிமிர்ந்து பார்த்து, கோதாவரியின் குரலில், "சரி" என்றாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, ஒரு மயிரிழை முன்னும் இல்லை பின்னும் இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். இன்னொரு தடவை. ஏழெட்டு தடவை கேட்டிருப்பேன். கேட்கக் கேட்க நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

"இதையே வெச்சுடட்டுமா, ஆன்ட்டி?"

ம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் படத்தின் மூலையில் இருந்த ஒளிபரப்புத் தேதி கண்ணில் பட்டது. தை மாதம், வியாழக்கிழமை.

"நிலோஃபர், இது ஒளிபரப்பானது தை மாசம்தானே? அந்த வருஷம் சித்திரையிலதான் எங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்."

"எனக்குப் புரியல."

"ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டுட்டாங்க. எனக்கு லீவு கெடைக்கல. எபிதான் என் பங்கு எபிசோடையும் சேத்து எழுதிக் குடுத்துட்டு, பகல் பூரா ஆஸ்பத்திரியில போய் உக்காந்திருந்தான். பாடாம இருக்க முடியாது எங்க அப்பாவால, வரி மறந்து மறந்து போவுது, புஸ்தகம் பாக்கக் கண்ணு இல்ல. இவன் தேவாரத்தை எடுத்து வெச்சுக்கிட்டு அடி எடுத்துக் குடுத்திருக்கான். நாலு நாள். 'தம்பி உச்சரிப்பு சுத்தமா இருக்கு, எந்த ஊர்?'னு அப்பா கேட்டாராம். சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன்னு தெரிஞ்சப்புறமும், நாளைக்கும் அவனையே வரச் சொல்லும்மான்னார். சீரியல் முடியற வரைக்கும் டெய்லி என்னை பஸ் ஏத்தி விட்டுட்டுத்தான் அவன் போவான். இது எல்லாமே தைக்கு அப்புறம். நான் இல்லேன்னு சொன்னதுக்கு அப்புறம்."

நிலோஃபர் பலகையை மடியில் இறக்கி வைத்தாள்.

"கேட்டு, இல்லேன்னு பதில் வாங்கிக்கிட்டு, மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்லாம ஆறு மாசம் என் பக்கத்துல உக்காந்து எழுதியிருக்கான் அந்த மனுஷன். அதுக்கப்புறம் கதையைப் பாரு. மாம்பன் கோச்சுக்கிட்டுப் போனானா? தெனமும் படகைக் கொண்டாந்து அதே கரையில நிறுத்தறான். இப்ப நான் 'சரி'ன்னு மாத்திட்டா, அவன் செஞ்சதெல்லாம் சரின்னு சொன்ன பொண்ணுக்குச் செஞ்சதா ஆயிடும். அதை யாரு வேணாலும் செய்வாங்க."

"அப்போ...?"

"எடுத்துடு. 'இல்லை'யே இருக்கட்டும். எனக்கு வலிச்சா வலிக்கட்டும்."

அவள் அந்தத் திருத்தத்தை அழித்தாள். அழிக்கும்போது என்னைப் பார்க்காமல் அழித்தாள், நல்ல பெண். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவுக் கருவியைத் தட்டினாள்.

"மேகமாபுரி என்ற மூல நூல் இருந்ததா?"

"இருந்தது" என்றேன்.

அவள் அவசரமாகக் கருவியைப் பொத்தினாள். "ஆன்ட்டி, எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"யார் பொய் சொன்னா? எழுதினான், வெளியாச்சு, ஊரே கேட்டுது, ஆயிரத்து நூத்தி ஆறு பேர் ஞாபகம் வெச்சிருக்காங்க. வேற என்ன வேணும் ஒரு புஸ்தகத்துக்கு? வெளியான இடம்னு கேட்டிருந்தா, டீவின்னு போடு. வாரத்துல நாலு நாள், சாயங்காலம் ஆறரை மணி."

அவள் சட்டத்தைப் பலகையில் வரவழைத்து வரி வரியாகப் படித்தாள். எனக்குக் கால் மரத்துப்போகும் அளவுக்கு நேரம் ஆயிற்று. கடைசியில் நிமிர்ந்தவள் முகத்தில் சிரிப்பு.

"நூல்னுதான் போட்டிருக்காங்க. காகிதத்துல இருக்கணும்னு எங்கயுமே சொல்லல!"

"சொல்ல மாட்டாங்க. சட்டம் எழுதினவனும் மேகமாபுரி படிச்சதா நெனச்சிட்டிருப்பான்."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஆசிரியர் பெயரைக் கேட்டாள். எபினேசர் என்றேன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டாவது ஆசிரியர் பெயரையும் போட்டாக வேண்டும் என்றாள், கை இரண்டு இல்லாமல் கதை நிற்காதாம். முதலில் வேண்டாம் என்றேன், பிறகு போடு என்றேன், ஆனால் அவன் பெயருக்குக் கீழே வேண்டாம், பக்கத்தில் போடு என்றேன். பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எபினேசர், சௌந்தரவல்லி. ஒரே வரியில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அப்படி அச்சடிக்க என் அப்பா ஒப்புக்கொண்டிருப்பாரா என்று யோசித்தேன். அந்தச் சித்திரைக்கு அப்புறம் ஒருவேளை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

"இன்னும் ஒரே ஒரு கட்டம்தான்" என்றாள் நிலோஃபர். "ஆசிரியர்களுக்குள்ள என்ன உறவுன்னு கேக்குது. பட்டியல் வருது பாருங்க, கணவன் மனைவி, உடன்பிறந்தவர், நண்பர், உடன் பணியாற்றியவர். எதைத் தொடட்டும்?"

பட்டியலை மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

"என்னைக் கேட்டவர்" என்றேன்.

அவள் அதை அப்படியே சொல்லிப் பதிந்தாள். இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சிவப்புக் கோடு காட்டியது.

"அப்படி ஒரு உறவு பட்டியல்ல இல்லையாம், ஆன்ட்டி."

"இல்லேன்னா சேத்துக்கச் சொல்லு" என்றேன்.